கோழியோடு வாத்தும்: கொல்லை ஒன்று, கூடு இரண்டு

(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு நிகழ்த்தப்பட்ட பிரசங்கம்)



சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில் நெல் வயலே ஜீவனம். 2023ஆம் வருஷம் ஜூலை மாதத்தில், நெய்வேலிச் சுரங்க விஸ்தரிப்பை ஒட்டிப் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டும் பொருட்டு, பயிர் நின்ற வயல்களிலேயே மண் வெட்டப்பட்டதை இவ்வூரார் அறிவர். வயல் குறைந்த குடும்பத்துக்குக் கொல்லை வருமானம் முன்னிலும் அவசியமாகிறது. கோழி வைத்திருப்பவர் வாத்தும் வளர்க்கலாமா எனின், தாராளமாக வளர்க்கலாம். ஆனால் இரண்டையும் ஒரே விதமாக வளர்க்கலாகாது.

வாத்தினால் வரும் அனுகூலம் சிறிதன்று. நாட்டுக் கோழி முட்டை ஏறக்குறைய 40 கிராம் நிறையுள்ளது. வாத்து முட்டையோ ஏறக்குறைய 65 கிராம் இருக்கும். இங்கிலாந்தில் உண்டாக்கப்பட்ட காக்கி காம்பெல் என்னும் ஜாதி, நல்ல ஆகாரமும் பராமரிப்பும் கிடைத்தால் வருஷத்தில் 300 முட்டை வரையில் இடக்கூடியது. அறுவடையான வயலில் சிந்திய நெல்லும் நத்தையும் புழுவும் வாத்துக்குச் செலவில்லாத ஆகாரம். அவ்வயல் இல்லாதவர் தீனியை விலைக்கு வாங்க நேரும். ஆதலால் முதலில் ஐந்து பெட்டையும் ஓர் ஆணும் போதும். பெட்டைகள் குறைவாயிருந்தால் ஆண் வாத்து கோழிகளை மிதித்துக் காயப்படுத்தும்.

முதலாவது கவனிக்க வேண்டியது ஜலம். வாத்துக்குக் குளம் வேண்டுமென்பதில்லை. கண்ணும் மூக்கும் கழுவிக்கொள்ளும்படி தலை அமிழும் ஆழமுள்ள தொட்டி இருந்தால் போதும். ஆனால் அது சுற்றுமுற்றும் நனைத்துவிடும். அந்த ஈரத்தில் கோழிக்குஞ்சு மிதித்தால் இரத்தக் கழிச்சல் பரவும். தொட்டியைக் கொல்லையின் தாழ்ந்த பக்கத்தில், வாழையடியில் வைத்தால் கழிவு ஜலமும் வீணாகாது.

இரண்டாவது கூடு. கோழி உயரத்தில் ஏறி உறங்கும். வாத்து தரையில் படுக்கும். ஒரே கூட்டிலிட்டால் கோழியின் எச்சம் வாத்தின்மேல் விழும். தனித்தனிக் கூடே தக்கது. வாத்து பெரும்பாலும் விடியற்காலையில் முட்டையிடுமாகையால் காலை ஒன்பது மணிக்கு முன் திறந்துவிடலாகாது. திறந்தால் முட்டை வேலியோரத்தில் போய்விடும்.

மூன்றாவது, மிக முக்கியமானது, ஆகாரம். இப்பக்கத்தில் மணிலாப் பிண்ணாக்கு எளிதில் கிடைக்கிறது. காளான் பிடித்த பிண்ணாக்கில் அப்ளாடாக்ஸின் என்னும் விஷம் உண்டாகிறது. 1960ஆம் வருஷம் இங்கிலாந்தில் இவ்வகைப் பிண்ணாக்கைத் தின்று லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. வாத்துக் குஞ்சுகளும் மாண்டன. பறவைகளுள் வாத்துக் குஞ்சே இவ்விஷத்துக்கு மிக எளிதில் இரையாவது. கோழி தாங்கும் அளவைக்கூட அது தாங்காது. வேகவைத்தாலும் இவ்விஷம் நீங்காது. ஆகையால் கோழி தின்று பிழைத்ததே என்று அதே மூட்டையை வாத்துக்கு வைப்பது தவறு. பிண்ணாக்கை நன்றாகக் காயவைத்து, தரையில் படாமல் பலகைமேல் அடுக்க வேண்டும். பூஞ்சு வாசனை வீசினால் குப்பைக் குழியில் புதைக்க வேண்டும்.

நான்காவது வியாதி. குமாவோன் பிரதேசத்து ஊரின் பெயரைக் கொண்ட இராணிக்கெட் என்னும் வெள்ளைக் கழிச்சல், கோழியைக் கொள்ளையாகக் கொல்லும். வாத்து சாதாரணமாக அதனால் நலியாவிடினும், நோய்க் கிருமியைச் சுமந்து வரக்கூடும். கோழிக்கு இராணிக்கெட் தடுப்பு மருந்தும், வாத்துக்கு வாத்துக் கொள்ளை நோய்த் தடுப்பூசியும் கால்நடை மருத்துவமனையைக் கேட்டுப் போடுவது அவசியம்.

அடைக்கு நாட்டுக் கோழியே உதவும். கோழி முட்டை 21 நாளில் பொரியும். வாத்து முட்டைக்கு 28 நாள் ஆகும். இரண்டையும் ஓர் அடையில் கலந்தால், கோழிக்குஞ்சு பொரிந்ததும் தாய் எழுந்துவிடும்; வாத்து முட்டை கெடும். கோழி பொரித்த வாத்துக் குஞ்சுக்குத் தாய் வாத்தின் எண்ணெய்ப் பசை இல்லாமையால், சில வாரங்கள் நீந்த விடலாகாது.

கடைசியாக, சங்கத்துக்குரிய கடமை ஒன்றுண்டு. தீனியைக் கூட்டாக வாங்கினால் விலை குறையும். அதே சமயம் கெட்ட மூட்டை ஒன்று வந்தால் எல்லார் வீட்டுக் குஞ்சும் சாகும். ஆதலால் ஒவ்வொரு மூட்டையையும் பிரித்துப் பார்த்தே ஏற்க வேண்டும். கடன் கேட்பவர் முதல் ஆறு வாத்தின் முட்டைக் கணக்கை எழுதி வந்து காட்டட்டும். அக்கணக்கில் லாபம் தெரிந்தபின் பெருக்குவதே சங்கத்துக்கும் குடும்பத்துக்கும் நன்மை.