உப்பாறு நன்னீராக வேண்டும்



குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. நாம் ஆறென அழைக்கும் தொண்டைமானாறும் உப்பாறும் கடல் நுழையும் நீரேரிகளே. மாரி மழை சுண்ணக்கல்லில் இறங்கி, உவர்நீரின்மேல் நன்னீராய் மிதக்கிறது. அதுவே நம் கிணறு. கோடையில் இயந்திரம் பூட்டி அளவின்றி இறைத்தால் அடியிலுள்ள சவர் மேலேறும். இக்குற்றத்தில் நமக்கும் பங்குண்டு.

பரிகாரம் 1954இலேயே கூறப்பட்டது. பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் வகுத்த திட்டம் இது: கனகராயன் ஆறு வந்து விழும் ஆனையிறவு நீரேரியைச் சுண்டிக்குளத்தில் கடலினின்று அடைப்பது, அங்கு நிறையும் நீரை முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சி, உப்பாறு நீரேரிகளுக்குக் கொணர்வது, தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கதவணைகளால் அந்நீரைக் காப்பது. மாரிதோறும் புதுநீர் உப்பைக் கழுவ, அயற்கிணறுகளும் காலப்போக்கில் சுவைபெறும்.

1950களில் அணைகள் எழுந்தன. வாய்க்காலோ முடிவுறாமல் நின்றது. மரக்கதவுகள் உக்கின, கடல் மீண்டும் புகுந்தது. தொண்டைமானாற்றுக் கதவுகள் 2009இல் போர் முடிந்தபின் புதுப்பிக்கப்பட்டன. ஆயினும் ஒப்பந்தத்தில் பாதியைச் செய்தவன் முழுதும் செய்தேன் என வாதாடினால் எந்த நீதிமன்றம் ஏற்கும்?

2024இல் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. குடிப்பதற்கு நன்று. நம் வெங்காயத் தறைக்கும் புகையிலைத் தோட்டத்துக்கும் அந்நீர் வருமா?

நீரேரியில் இறால் பிடிக்கும் மீனவரின் ஆட்சேபம் தள்ளத்தக்கதன்று. அவர்களையும் கேட்டே முடிவு செய்தல் வேண்டும்.

வாய்க்காலை முடிக்கக் கோரும் மனு வாசலில் இருக்கிறது. கையொப்பத்துடன், உங்கள் கிணறு எந்த மாதத்தில் சவர்க்கிறது என்பதையும் எழுதித் தாருங்கள். வழக்குக்குச் சான்று வேண்டும்.