கிளம்ப மறுக்கும் பழைய கார்

மார்கழி மாதத்து விடியற்காலையில், கல்வராயன் மலையடிவாரத்து வடக்கனந்தல் போன்ற ஊர்களில், பழைய அம்பாஸடர் கார் வைத்திருப்போரின் பொறுமைக்குச் சோதனை வந்துவிடும். செல்ஃப் மோட்டார் முனகும், எஞ்சின் சுற்றும், ஆனால் உயிர் வராது. உடனே பானெட்டைத் திறந்து, கார்புரேட்டரின் திருகுகளை முறுக்கத் தொடங்குவது பலருக்கு வழக்கம். அந்தத் திருகு என்ன பாவம் செய்தது? நேற்று மாலை ஒழுங்காக ஓடிய வண்டியில் அது இரவோடிரவாகத் தானே திரும்பிக்கொள்வதில்லை.

அம்பாஸடர் கார் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. பிரிமியர் பத்மினி அதற்கும் முன்னரே விடைபெற்றது. உதிரிப் பாகங்கள் அருகிவரும் இந்நாளில், குற்றமற்ற கார்புரேட்டரைக் கழற்றிக் கெடுப்பது பெரு நஷ்டம். எனவே, கை வைக்குமுன் வைத்தியர் நோயாளியைக் கேட்பதுபோல் ஒன்று கேட்க வேண்டும்: வண்டி மறுப்பது குளிர்ந்திருக்கும்போதா, சூடேறியிருக்கும்போதா?

முதலில் குளிர்ந்த வண்டியைப் பார்ப்போம். எஞ்சின் சோம்பலாகச் சுற்றினால், பாட்டரியின் முனைகளைச் சுரண்டித் துடைத்து இறுக்குங்கள். எஞ்சினையும் வண்டியின் உடலையும் இணைக்கும் எர்த் பட்டையையும் கவனியுங்கள். அது துருவேறியிருந்தால், செல்ஃபுக்குரிய மின்சாரம் வேறு வழி தேடும்; சோக் கம்பி வழியே பாய்ந்து, அக்கம்பி சுடுவதுகூட உண்டு. பாட்டரி முழுவதும் செல்ஃபுக்கே செலவாகிவிட்டால், பொறிக்கு என்ன மிஞ்சும்?

எஞ்சின் விரைவாகச் சுற்றியும் கிளம்பாவிடில், ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அதுவே நம்பத்தகுந்த சாட்சி. பிளக் உலர்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வந்தும் பொறி பற்றவில்லை, அல்லது சோக்கை மிகுதியாக இழுத்துவிட்டோம். நனைந்த பிளக்கை நன்றாக உலர்த்தி, பெட்ரோல் சிந்தாத இடமாகப் பார்த்து, எஞ்சினின் இரும்பில் படும்படி வைத்துச் சுற்றினால், நீலப் பொறி சடசடவென்று பாய வேண்டும். மெலிந்த மஞ்சள் பொறியானால், டிஸ்ட்ரிபியூட்டரின் பாயிண்டைப் பாருங்கள். அம்பாஸடரின் பழைய எஞ்சினில் அதன் இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு அளவு. பிளக்கின் இடைவெளி இருபத்தைந்து பங்கு. பாயிண்ட் அடிக்கடி கருகிக் குழிவிழுந்தால் கண்டென்சரைச் சந்தேகிக்கலாம். என் கணிப்பில், கார்புரேட்டர்மீது சுமத்தப்படும் பழியில் பெரும்பகுதி இந்தச் சிறு பாயிண்டுக்கே உரியது.

உலர்ந்த பிளக்குக்குக் காரணம் எளிது. பல நாள் நின்ற வண்டியில் மிதவை அறையின் பெட்ரோல் ஆவியாகிப் போயிருக்கும். எஞ்சினோடு இயங்கும் பம்புகள் பலவற்றில் கையால் அசைக்கும் நெம்புகோல் உண்டு. அதைச் சில தடவை அசைத்தால் அறை நிரம்பும். சோக் கம்பி தளர்ந்து, மூடி முழுவதும் மூடாமலிருப்பதும் உண்டு. இந்த நிலையில் சிலர் கார்புரேட்டரின் வாயில் பெட்ரோலை ஊற்றுகிறார்கள். எஞ்சின் பின்னோக்கி ஒருமுறை வெடித்தால் தீ முகத்துக்கே வரும். இதனை வேண்டவே வேண்டாம்.

சூடான வண்டியின் கதை நேர்மாறானது. கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறி, தேநீர் அருந்த நிறுத்தினால், விசிறி நின்றதும் எஞ்சினின் வெப்பம் மேலெழும்பி மிதவை அறையின் பெட்ரோலைக் கொதிக்கச் செய்யும். ஆவியும் பெட்ரோலும் உள்ளே மண்டிவிடும். அப்போது சோக்கைத் தொடலாகாது. ஆக்ஸிலரேட்டரை ஒருமுறை முழுவதும் அழுத்தி, அப்படியே வைத்துக்கொண்டு செல்ஃபை இயக்குங்கள். மீண்டும் மீண்டும் மிதித்தால் மேலும் பெட்ரோல்தான் பீய்ச்சும். பம்பின்மேல் ஈரத்துணி சுற்றும் ஓட்டுநர்களின் பழக்கமும் பொருளற்றதன்று.

2023 முதல் நம் நாட்டில் இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாயிற்று. கரும்பு விளையும் இவ்வட்டாரத்தைப் பற்றிப் பேசும்போது எத்தனாலை ஏசுவது என் நோக்கமன்று. ஆயினும் பழைய வண்டிக்கு அது புதிய உணவு. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் ஏறத்தாழ பதினைந்து பங்கு காற்று தேவை. எத்தனாலுக்கு ஒன்பதே போதும். ஆகவே பழைய ஜெட் வழியே வரும் கலவை சற்று மெலிந்துவிடும். குளிரில் சோக்கைக் கொஞ்சம் நீடித்து வைக்க நேரிடும். எல்லாம் சரிபார்த்த பின்பும் எஞ்சின் தயங்கினால், அப்போதுதான் தேர்ந்த மெக்கானிக்கைக் கொண்டு ஜெட்டைத் தொடலாம்.

எத்தனால் ஈரத்தை ஈர்க்கும்; மாதக்கணக்கில் டாங்கில் விட்டுவைப்பது நல்லதன்று. பழைய ரப்பர் குழாய்களையும் பம்பின் சவ்வையும் அது ஊறவைத்து நலிவிக்கும். குழாயை விரலால் வளைத்துப் பாருங்கள். வெடிப்போ ஈரமோ தெரிந்தால், பெட்ரோல் வாடை வீசினால், எத்தனாலைத் தாங்கும் புதுக் குழாய் மாட்டும்வரை செல்ஃபைத் தொடாதீர்கள்.