தெரிந்த இங்கிலீஷ், தெரியாத ஸ்பானிஷ்

(கிளைக் கூட்டத்தில் ஓர் அங்கத்தினர் ஆற்றிய உரை)

 

2019-ல் பெண்ணின் இரண்டாவது பிரசவத்துக்காக நானும் என் அகத்துக்காரியும் மாட்ரிட் போனோம். பேரனைப் பள்ளியில் விடுவது, கடைகண்ணி எல்லாம் என் பொறுப்பு. அறுபத்தெட்டு வயதில் புது பாஷையா என்று மலைத்தேன். "மாமா, உங்களுக்கு ஏற்கெனவே நிறைய ஸ்பானிஷ் தெரியும்" என்றார் மாப்பிள்ளை.

விஷயம் இதுதான். இங்கிலீஷில் 'ஷன்' என்று முடிவது பெரும்பாலும் அங்கே 'த்தியோன்' ஆகும். நேஷன், நாத்தியோன். இன்ஃபர்மேஷன், இன்ஃபொர்மாத்தியோன். யூனிவர்சிட்டி 'உனிவெர்ஸிதாத்' ஆகும். ஃபேமஸ் 'ஃபமோஸோ' ஆகும். ஹாஸ்பிடலுக்கு எழுத்துகூட மாறாது. 'ஹ' மட்டும் ஒலிக்காமல் 'ஒஸ்பிதால்' என்பார்கள்.

காரணம், ஸ்பானிஷ் லத்தீனின் பெண். இங்கிலீஷ் ஜெர்மானியக் குடும்பம்தான். ஆனால் 1066-ல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு வழியாகவும், பின்னால் பண்டிதர்கள் மூலமாகவும் லத்தீன் சொற்களை வாரிக்கொண்டது. ஆகவே அதிகம் ஒத்துப்போவது படித்தவர்களின் சொற்களே. பத்து நாளில் பத்திரிகைத் தலைப்பு புரிந்தது. அடுக்களையில் கரண்டிக்கு 'குச்சாரா', சாவிக்கு 'யாவே' என்றால் விழித்தேன்.

அங்கே கொஞ்சம் சுற்றி வளைத்துப் பிடிக்க வேண்டும். தண்ணீர் 'அகுவா': அக்வேரியம். பால் 'லெச்சே': லாக்டோஸ். மாமிசம் 'கார்னே': கார்னிவோரஸ். மீன் 'பெஸ்காதோ': பைசிஸ், நம் மீன ராசி. கடைசி இரண்டும் நமக்கு மிக முக்கியம். கார்னே வேண்டாம் என்று மட்டும் சொன்னால் தட்டில் மீன் வந்து உட்காரும்!

இந்த தைரியத்தில்தான் அகப்பட்டுக்கொண்டேன். என் அகத்துக்காரிக்கு மூன்று நாளாக மலச்சிக்கல். பெண் பிரசவ ஆஸ்பத்திரியில். மருந்துக்கடைக்குப் போய் 'கான்ஸ்டிபேட்டட்' என்பதை ஸ்பானிஷாக்கி 'கொன்ஸ்திபாதா' என்றேன். அந்த அம்மாள் பரிவோடு மாத்திரை கொடுத்தார். சாயங்காலம் மாப்பிள்ளை அட்டையைப் பார்த்துப் பதறிப் பிடுங்கினார். அங்கே அந்தச் சொல்லுக்கு ஜலதோஷம் என்று அர்த்தமாம். மூக்கடைப்பு மாத்திரைகளில் சில ரத்த அழுத்தத்தை ஏற்றும். இவளோ பத்து வருஷமாக பி.பி. பேஷண்ட். நல்ல வேளை, ஒன்றுகூட விழுங்கவில்லை.

வடக்கே வசிக்கும் நமக்கு இது தெரிந்திருக்க வேண்டாமோ? ஹிந்தியில் 'அவஸர்' வாய்ப்பு, தமிழில் அவசரம் வேறு. அங்கே 'உபன்யாஸ்' நாவல், நமக்கு உபன்யாசம் கோவிலில். 'சிக்ஷா' அவர்களுக்குக் கல்வி, நமக்கு தண்டனை! ஒரே தாயிடமிருந்து வந்தாலும் சொற்கள் புக்ககத்து வழக்கத்துக்கு மாறிவிடுகின்றன. அன்றிலிருந்து அர்த்தம் ஊகிக்க ஒற்றுமையை நம்புவேன். உடம்பு, மருந்து என்றால் அகராதியைப் பார்க்காமல் வாயைத் திறப்பதில்லை.

மலச்சிக்கலுக்குச் சரியான சொல் 'எஸ்த்ரெஞிமியெந்தோ'. இன்னும் நாக்கில் வரவில்லை. சென்ற தடவை போனபோதும் சீட்டில் எழுதித்தான் நீட்டினேன்.