கைப்பேசியில் மின்னஞ்சல்: திறவுகோல் எவர் கையில்?



பெரியவர் ஒருவர் புதிய கைப்பேசி வாங்குகிறார். அகவை அறுபதைக் கடந்தவர். நிலபுலத்தின் வரவு செலவில் ஒரு காசும் பிசகாதவர். கைப்பேசியைத் திறந்தவுடன் அது மின்னஞ்சல் முகவரியைக் கேட்கிறது. "நீயே போட்டுக் கொடு தம்பி" என்று கடையிலுள்ள இளைஞரிடம் நீட்டிவிடுகிறார். இரண்டு மணித்துளிகளில் கணக்கு அணியமாகிவிடுகிறது. கடவுச்சொல், அத்தம்பியின் நினைவில் அப்போது தோன்றிய ஏதோ ஒரு சொல். கடவுச்சொல்லை மறந்தால் மீட்பதற்கென ஒரு தொலைப்பேசி எண் கேட்கப்படுகிறது. பெரியவரின் புதிய எண் இன்னும் இயங்கத் தொடங்கவில்லை. எனவே தம்பி தம் எண்ணையே இட்டுவிடுகிறார். எல்லாம் நல்லெண்ணத்துடன்தான்.

இரண்டு ஆண்டுகள் கழித்து அக்கைப்பேசி கிணற்றடியில் நீருக்குள் விழுகிறது. புதிய கைப்பேசியில் பழைய கணக்கைத் திறக்கக் கடவுச்சொல் தெரியவில்லை. மீட்புக் குறியீடோ, கடையை விட்டு எங்கோ போய்விட்ட தம்பியின் எண்ணுக்குச் செல்கிறது. பேத்தியின் கல்லூரிச் சேர்க்கை மடல் அக்கணக்கில் வந்து கிடக்கிறது, எடுப்பார் இல்லை.

இவ்வாறு நிகழாத ஊர் அரிது. பெரியவருக்கு அறிவு குறைவா? இல்லை. திரையில் நின்ற சொற்கள் அவருக்குப் பொருள் தரவில்லை, அவ்வளவே. பொருள் விளங்காத சொல்லின்முன் நிற்பவன் தன் பொருளைப் பிறன் கையில் கொடுத்துவிடுகிறான். ஆங்கிலம் கற்ற பட்டதாரிகளும் இவ்விடத்தில் தடுமாறுவதை எங்கும் காணலாம். எழுத்தைப் படிக்கத் தெரிகிறது. அஃது எதைக் குறிக்கிறது என்று எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

ஆகவே முதலில் பொருளை அறிவோம்.

மின்னஞ்சல் கைப்பேசிக்குக் கைப்பேசி நேரே பாய்வதன்று. நடுவே எந்நேரமும் விழித்திருக்கும் கணிப்பொறிகள் உள்ளன. அவற்றுக்கு 'வழங்கி' என்பது நல்ல தமிழ்ப்பெயர். 'சேவையகம்' என்பாரும் உளர். கேட்டதை வழங்குவதை வழங்கி என்று சொல்லத் தமிழில் சொல்லிருக்க, வடசொல்லை ஏன் கடன் வாங்க வேண்டும்? மடலை வாங்கி வைத்திருந்து தருவது வருகை வழங்கி. எழுதிய மடலை ஏற்று வெளியே விடுப்பது விடுகை வழங்கி. கைப்பேசியில் கணக்கை அமைப்பதென்பது, இவ்விரண்டையும் கைப்பேசிக்கு அறிமுகப்படுத்துவதே ஆகும். முகவரியின் நடுவிலுள்ள சுழிக்குறி, ஆளின் பெயரையும் அவருடைய அஞ்சல் இருக்கும் இடத்தையும் பிரித்துக் காட்டுகிறது. 1971-இல் அமெரிக்கப் பொறியாளர் இரே தாம்லின்சன் தேர்ந்தெடுத்த குறி அது.

கூகுள் போன்ற பெருநிறுவனங்களின் கணக்கென்றால் முகவரியும் கடவுச்சொல்லும் போதும். வழங்கிகளின் பெயர்களைக் கைப்பேசியே அறிந்திருக்கும். கல்லூரி, அலுவலகம், தமிழ் மன்றம் ஆகியவற்றின் தனி முகவரியாயின் கைப்பேசி மேலும் சில கேட்கும். அவற்றுள் முதல் வினாவிலேயே பலர் வழுக்கி விழுகின்றனர். ஐமாப்பா, பாப்பா என்பதே அவ்வினா.

இரண்டும் மடலை வாங்கும் நெறிமுறைகளே. பாப் 1984-இல் வகுக்கப்பட்டது. இணைப்பு அரிதாகவும் விலை மிகுந்ததாகவும் இருந்த காலத்துக்கு ஏற்றது. வழங்கியிலிருந்து மடல்களை அள்ளிக் கருவிக்குள் கொண்டுவந்து சேர்த்துவிடும். வழங்கியிலும் ஒரு படி இருக்கட்டும் என்று அமைப்பில் குறிக்காவிடில், பெரும்பாலும் அங்கே ஒன்றும் எஞ்சாது. குடத்தில் மொண்டபின் குடம் உடைந்தால் நீர் போயிற்று. ஐமாப் 1986-இல் மார்க்கு கிரிசுப்பின் என்பவர் உருவாக்கியது. இதில் மடல் வழங்கியிலேயே இருக்கும். கைப்பேசி அதைப் பார்க்கும் பலகணி. கைப்பேசியில் படித்தது கணிப்பொறியிலும் படித்ததாகத் தோன்றும்; கைப்பேசி தொலைந்தாலும் மடல் தொலையாது. ஆனால் கைப்பேசியில் அழித்த மடல் வழங்கியிலும் அழியும் என்பதை மறக்கலாகாது. 'கைப்பேசியில் இடம் நிறைந்துவிட்டது' என்று மடல்களை அழித்துவிட்டு, பின்னர்க் கணிப்பொறியில் தேடுவோர் பலர். இக்குறை இருப்பினும், ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகளை ஆளும் இக்காலத்தில் ஐமாப்பைத் தேர்வதே அறிவுடைமை.

அடுத்து வாயில் எண். ஒரே வழங்கிக்குப் பல வாயில்கள் உண்டு. மறையாக்கத்துடன் ஐமாப்பில் மடல் வாங்க 993. பாப்பில் வாங்க 995. மடல் விடுக்க 465 அல்லது 587. பழைய ஏடுகளில் காணும் 143-உம் 110-உம் மறையாக்கம் இன்றியே தொடங்கும் வாயில்கள். அவற்றில் மறையாக்கத்தை இணைக்காமல் விட்டால், பொதுவிடத்துக் கம்பியில்லா இணைப்பில் கடவுச்சொல் வழியில் நிற்பவர் கண்ணிலும் படக்கூடும். 25 என்பது வழங்கியும் வழங்கியும் தம்முள் பேசும் வாயில், கைப்பேசிக்கு உரியதன்று.

பயனர் பெயர் கேட்கும் இடத்தில் சுழிக்குறிக்கு முன்னுள்ள பகுதியை மட்டும் இடுவது பலர் வழக்கம். பல வழங்கிகள் முழு முகவரியையும் எதிர்பார்க்கும். மடல் வருகிறது, ஆனால் போகவில்லை என்பது அடிக்கடி கேட்கும் முறையீடு. விடுகை வழங்கிக்கும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தனியே தரப்படல் வேண்டும். அப்பெட்டியை வெறுமையாய் விட்டிருப்பர்.

எல்லாம் சரியாக இட்டும் 'கடவுச்சொல் தவறு' என்று வந்தால்? கூகுள், 2022 மே முதல், வெறும் கடவுச்சொல்லை மட்டும் கேட்டு நுழையும் பிற செயலிகளை ஏற்பதில்லை. செயலி கூகுளின் நுழைவுப் பக்கத்தையே திறந்து காட்டினால் இடர் இல்லை. அவ்வாறு காட்டாத பழைய செயலியாயின், இருபடிச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு, அச்செயலிக்கென 16 எழுத்துள்ள தனிக் கடவுச்சொல்லைப் பெற்று இடலாம். இருபடிச் சரிபார்ப்பை இயக்குவோர்க்கு 8 இலக்கமுள்ள காப்புக் குறியீடுகள் பத்தும் கிடைக்கும். அவற்றைத் தாளில் எழுதி, நிலப்பட்டா இருக்கும் பெட்டியிலேயே வைத்தல் நன்று. கைப்பேசியிலேயே சேமித்து வைப்பது, திறவுகோலைப் பூட்டிய வீட்டுக்குள் வைப்பதை ஒக்கும். மீட்பு எண்ணும் மீட்பு முகவரியும் தம்முடையனவா என்பதை இன்றே திறந்து பாருங்கள். பிறருடையதாயின் உடனே மாற்றுங்கள்.

இனி, தமிழ்ப் பெயரைப் பற்றி. 'தமிழ்ச்செல்வன்' என்னும் பெயரை உரோமன் எழுத்தில் எழுதினால் எத்தனை வடிவங்கள்! ழகரத்துக்கு இரண்டெழுத்து இடுவார் ஒருவர். லகரத்தின் எழுத்தையே இடுவார் மற்றொருவர். தொலைப்பேசியில் முகவரியைச் சொல்லக் கேட்டவர் ஓரெழுத்தைப் பிழையாக எழுதினால், மடல் வேறொருவர் வீட்டுக்குப் போய்ச் சேரும். இத்துன்பத்துக்குத் தீர்வு இல்லாமல் இல்லை. முகவரியையே தமிழ் எழுத்தில் எழுதுவதற்கான நெறிமுறை 2012-இல் வெளிவந்துவிட்டது. 'இலங்கை', 'சிங்கப்பூர்', 'இந்தியா' என்னும் தமிழெழுத்து ஈறுகள் 2010, 2011-ஆம் ஆண்டுகளிலேயே இணையத்தில் இடம்பெற்றன. அத்தகைய முகவரிகளுடன் மடல் விடுக்கவும் பெறவும் 2014-இல் கூகுளும் வழிவகுத்தது. ஆயினும் தமிழெழுத்து முகவரியைத் தன்னிடம் தொடங்கத் தருவதில்லை. தமிழ் முகவரியை இடும்போது 'இது தவறான முகவரி' என்று மறுக்கும் படிவங்களும் உள. பொறி மறுக்கவில்லை; படிவத்தை எழுதியவர் உரோமன் எழுத்துக்கு அப்பால் எழுத்தே இல்லை என எண்ணிவிட்டார்.

முகவரிதான் இப்படி, பெயரில் தடையில்லை. கணக்கை அமைக்கும்போது 'பெயர்' என்றொரு பெட்டி வருகிறது. மடலைப் பெறுவோர் திரையில் தோன்றுவது அப்பெயரே. அங்கே தமிழில் எழுதலாம். மடலின் அடியில் ஒட்டும் கையொப்பத்தையும் தமிழில் அமைக்கலாம். 1991 முதல் ஒருங்குறியில் தமிழுக்கு இடமுண்டு. 2010-இல் தமிழ்நாட்டு அரசும் அதனை ஏற்றது. எழுத்துருவுக்கு ஒரு குறியீடாக இருந்து, ஒருவர் எழுதியது மற்றவர் திரையில் கட்டங்களாகவும் கோடுகளாகவும் சிதறிய காலம் போயிற்று. அவ்வாறிருந்தும் தம் பெயரை உரோமன் எழுத்திலேயே விட்டுவைத்திருக்கும் தமிழ்ப் பற்றாளர் எத்தனை பேர்! ஆண்டிராய்டு கைப்பேசியின் மொழியையே தமிழாக மாற்றிக்கொள்ளவும் அமைப்பில் இடமுண்டு. அதிலுள்ள சில சொற்கள் முகஞ்சுளிக்க வைப்பன என்பது மெய்யே. எனினும் ஒரு திங்கள் பழகிப் பாருங்கள்.

பழைய கைப்பேசியை விற்குமுன் கணக்கை அதிலிருந்து நீக்கிவிடுங்கள். புதியதில் அமைத்து முடித்தவுடன், தம் முகவரியிலிருந்து தம் முகவரிக்கே தமிழ்த் தலைப்பிட்டு ஒரு மடல் விடுங்கள். அது திரும்பி வந்து சேர்ந்தால் வருகை, விடுகை இரண்டும் சரியே. போகவில்லையெனில் 465, 587 இரண்டையும் மாற்றி மாற்றி இட்டுப் பாருங்கள்.