தீவுப் பக்கத்துப் பொலிசும் நம்ம முறைப்பாடும்



போன கூட்டத்தில் ஒரு அம்மா எழும்பி, "பொலிசுக்குப் போயி என்னாத்துக்கு, நம்மள மதிக்கவா போறாங்க?" என்று கேட்டாங்க. அன்றைக்கு நாங்கள் சரியாகப் பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலைச் சொல்ல யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கம் ஒருக்கா போய்வர வேண்டியிருக்கிறது.

ஊர்காவற்றுறைக்கும் புங்குடுதீவுக்கும் கடலுக்குள்ளே ரோட்டு இருக்கிறது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானில் படகு ஏற வேணும். மீனும் பனையும்தான் பிழைப்பு. யுத்தத்தில் ஏராளமான சனம் வெளியேறி, பாழடைந்த வீடுகள் நிறைய.

2015 மே 13ஆம் திகதி புங்குடுதீவில் பள்ளிக்கூடம் போன ஒரு பிள்ளை வீடு திரும்பவில்லை. வீட்டார் பொலிசுக்கு ஓடினார்கள். யாரோடாவது போயிருக்கும், வரும் என்ற மாதிரிப் பதில்தான் கிடைத்தது என்று அவர்கள் அப்போதே சொன்னார்கள். மறுநாள் சொந்தக்காரர்களே தேடிப் பிள்ளையை உயிரில்லாமல் கண்டார்கள். பிறகு சனம் பிடித்த ஒரு சந்தேகநபர் கொழும்புக்குத் தப்பியதும் கோபம் பொங்கியது. மே 20இல் யாழ்ப்பாண நீதிமன்றத்துக்கே கல்லெறிந்தார்கள். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் பிடிபட்டார்கள். நியாயம் கேட்கப் போன பிள்ளைகள் விளக்கமறியலில்!

அந்த ஆள் தப்ப உதவினார் என்ற குற்றச்சாட்டில் ஒரு மூத்த பொலிஸ் அதிகாரியே 2017 ஜூலையில் கைதானார். செப்டெம்பர் 27இல் மூன்று நீதிபதிகள் விசாரித்து ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தார்கள்.

அந்த மூவரில் ஒருவர் இளஞ்செழியன் ஐயா. தீர்ப்புக்கு இரண்டு மாதம் முந்தி, ஜூலை 22இல், நல்லூரில் அவர் போன இடத்தில் துப்பாக்கிச் சூடு. அவருடைய மெய்ப்பாதுகாவலர் சரத் ஹேமச்சந்திர செத்துப் போனார். சிலாபத்துச் சிங்களவர், பல வருடம் ஐயாவோடு இருந்தவர். நீதிபதி அந்த மனைவியின் காலில் விழுந்து அழுதார். அதைப் பார்த்த யாழ்ப்பாணத்துச் சனமும் அழுதது. பொலிஸ் என்றால் ஒரே மாதிரி என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

சம்பளக் கதைக்கு வருவோம். அரசாங்க உத்தியோகத்தில் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாவாக இருந்து, 2025 வரவு செலவுத் திட்டத்தில்தான் 40,000 என்று உயர்த்தப்பட்டது. புதிதாகச் சேர்ந்த ஒரு கொன்ஸ்டபிள் பெடியன், தமிழ் தெரியாமல், வீட்டை விட்டு நெடுந்தீவில் கிடந்தால் அவனுக்கும் கஷ்டம்தான். அதை நாங்கள் மறுக்கவில்லை.

ஆனால் நம்ம நாள் சம்பளம் 1,000 ரூபாவானது 2021இல், 1,350 ஆனது 2024இல். அதுக்காகக் கொழுந்துக்குள்ளே கல்லைப் போட்டா நிறுக்கிறோம்? (சிரிக்காதீங்க, அப்படியும் சிலர் செய்திருக்காங்க.) சம்பளம் காணாது என்பது முறைப்பாட்டை எழுதாமல் விடக் காரணமாகாது.

அதே தீவில், 2023 ஏப்ரலில் நெடுந்தீவில் முதியவர்கள் ஐந்து பேர் வெட்டிக் கொல்லப்பட்டபோது, ஓரிரு நாளில் சந்தேகநபர் புங்குடுதீவில் பிடிபட்டார். மனது வைத்தால் முடிகிறது.

நம்ம பக்கமும் நடந்திருக்கு. சில வருடத்துக்கு முந்தி ஒரு தகப்பன், டியூசன் போன மகளைக் காணோம் என்று ஒரு ஸ்டேசனுக்குப் போனார். காலையில வா என்றார்கள். நாங்கள் கூடப் போன பிறகுதான் எழுதினார்கள், அதுவும் சிங்களத்தில். அவர் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார். நாங்களும் பார்த்துக்கொண்டு நின்றோம், அது எங்கள் பிழை. பிள்ளை நல்லவேளை அத்தை வீட்டில் இருந்தது.

1987 முதல் தமிழும் ஆட்சி மொழி. தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்க. முடியாது என்றால் வாசித்துக் காட்டச் சொல்லுங்க, விளங்கிய பிறகு கையெழுத்து. முறைப்பாட்டு இலக்கத்தைக் குறிச்சுக்கோங்க. பிள்ளை காணாமல் போனால் விடியட்டும் என்று இருக்க வேண்டாம், 119க்கு அடியுங்க. எழுத மறுத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இருக்கிறது. கல்லெடுக்க வேண்டாம்.

தனியாகப் போகாமல் தலைவரையோ எங்களையோ கூட்டிக்கிட்டுப் போங்க. ராத்திரி என்று பார்க்க வேண்டாம், குவாட்டர்ஸ் கதவைத் தட்டுங்க. நாயைக் கட்டித்தான் வைத்திருக்கிறோம்.