விளையாட்டுப் பெட்டியும் வாய்மையும்



பள்ளியில் பணியாற்றிய காலத்தில் பிள்ளைகளின் சட்டைப்பையிலிருந்து பம்பரத்தையும் கோலிக்குண்டையும் எடுத்து என் மேசை இழுப்பறையில் பூட்டி வைத்தவன் நான். ஆண்டு முடிவில் அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்பது வேறு செய்தி. அத்தகைய ஒருவன் இன்று வீடியோ விளையாட்டைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். விளையாடலாமா, கூடாதா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அதனை உங்கள் பெற்றோரும் உங்கள் தேர்வு அட்டவணையும் பார்த்துக்கொள்ளும். வாங்குவது என்று முடிவு செய்த பின் எப்படித் தேர்ந்தெடுப்பது, வாங்கிய பொருள் பழுதுபட்டால் எப்படி நடந்துகொள்வது என்னும் இரண்டை மட்டும் பேச விரும்புகிறேன். இவற்றில் நான் ஒரு பாடம் கற்றேன். அதற்கு விலையும் கொடுத்தேன்.

தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் கருவியை நீங்கள் கன்சோல் என்கிறீர்கள். நான் அதனை விளையாட்டுப் பெட்டி என்றே சொல்லப் போகிறேன். கையில் பிடித்து ஆடும் உறுப்பைக் கண்ட்ரோலர் என்று நீங்கள் சொல்வது போலவே சொல்கிறேன்.

முதலில் தேர்வைப் பார்ப்போம். கடைக்குச் செல்லும் இளைஞர் பெரும்பாலும், "எது வேகம் மிகுந்தது?" என்று கேட்கின்றனர். அது தவறான கேள்வி அன்று; ஆனால் முதற்கேள்வியும் அன்று. பெட்டி என்பது ஒரு பாத்திரம். அதில் இடும் ஆட்டமே உணவு. ஒரு கம்பெனியின் பெட்டிக்கென ஆக்கப்பட்ட ஆட்டம் மற்றொரு கம்பெனியின் பெட்டியில் ஓடாது. ஆகவே, நாம் ஆட விரும்பும் ஆட்டங்கள் எவை, அவை எந்தப் பெட்டிக்கு வெளிவருகின்றன, நம் நண்பர்கள் எதனை வைத்திருக்கின்றனர் என்று முதலில் ஆராய வேண்டும். தனியே ஆடுவதற்கு வாங்குகிறோமா, வீட்டில் தம்பி தங்கையரோடு கூடி ஆடுவதற்கு வாங்குகிறோமா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, மொத்தச் செலவு. பெட்டியின் விலை செலவின் தொடக்கமே ஆகும். ஆட்டங்களுக்கு விலை உண்டு. இரண்டாவது கண்ட்ரோலருக்கு விலை உண்டு. இணையத்தின் வழியே பிறரோடு சேர்ந்து ஆடுவதற்குப் பல ஆட்டங்களில் சந்தாவும் உண்டு. ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். 2020-ஆம் ஆண்டில் வெளிவந்த பிளேஸ்டேஷன் 5 இரண்டு வடிவங்களில் வந்தது. ஒன்றில் ஆட்டத் தட்டைச் செருகும் வாய் இருந்தது, மற்றொன்றில் இல்லை. வாய் இல்லாதது விலை குறைந்தது. விலை குறைந்ததே சிக்கனம் என்று உடனே தோன்றும். ஆனால் தட்டாக வாங்கிய ஆட்டத்தை நண்பனிடம் இரவல் பெறலாம். ஆடி முடித்தபின் பழைய விலைக்கு விற்கலாம். இணையத்தில் இறக்கிக்கொள்ளும் ஆட்டத்தை அவ்வாறு விற்க இயலாது. வாங்கும் அன்று மிச்சமாகும் பணம் இரண்டு ஆண்டுகளில் கைவிட்டுப் போகக்கூடும். கணக்குத் தெரிந்த நீங்கள் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

மூன்றாவது கேள்வியே தலையாயது. அதனைப் பெரும்பாலோர் கேட்பதில்லை. "இது பழுதுபட்டால் பொறுப்பேற்பவர் யார்?" என்பதே அக்கேள்வி. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் ஒரு பெட்டியை அன்போடு கொண்டுவந்து தருவார். அதன் உத்தரவாதம் வாங்கிய நாட்டோடு நின்றுவிடக்கூடும். அமெரிக்க வீடுகளுக்கு வரும் மின்னழுத்தம் 120 வோல்ட். நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். இரண்டையும் ஏற்கும் கருவிகளும் உண்டு, ஏற்காதவையும் உண்டு. மின்செருகியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படிக்காமல் இணைத்தால், முதல் நாளே கடைசி நாளாகிவிடும்.

"புதுப் பொருள் வாங்கும்போதே பழுதைப் பற்றிப் பேசலாமா?" என்று சிலர் முகம் சுளிப்பர். பழுதுபடாத பொறி உலகில் இல்லை, நண்பர்களே. பேர் பெற்ற பெட்டிகளின் வரலாறே இதற்குச் சான்று.

1983-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள் ஜப்பானில் நின்டெண்டோ கம்பெனி ஃபேமிலி கம்ப்யூட்டர் என்னும் பெட்டியை வெளியிட்டது. சில மாதங்களுக்குள் அதன் சில்லு ஒன்றில் குறை இருப்பது தெரிந்தது. ஆட்டத்தின் நடுவே பெட்டி உறைந்து நின்றது. கம்பெனி விற்ற பெட்டிகளைத் திரும்பப் பெற்று, உள்ளே இருந்த மின்சுற்றுப் பலகையை மாற்றிக் கொடுத்தது. இதனால் நட்டம் நேர்ந்தது; ஆனால் நம்பிக்கை நின்றது. அதே பெட்டி பிற நாடுகளில் வேறு பெயரோடும் உருவோடும் விற்கப்பட்டு, உலகில் 6 கோடிக்கு மேற்பட்டவர் கைகளை அடைந்தது.

மற்றொன்று மைக்ரோசாஃப்ட் கம்பெனியின் எக்ஸ்பாக்ஸ் 360. அது அமெரிக்காவில் 2005 நவம்பரிலும் நம் நாட்டில் 2006 செப்டம்பரிலும் விற்பனைக்கு வந்தது. அதன் முகப்பில் வட்டமான விளக்கு ஒன்று உண்டு. அவ்வட்டத்தின் நான்கு பகுதிகளில் மூன்று சிவந்து மின்னினால் பெட்டி செயலிழந்தது என்பது பொருள். ஒன்றன்பின் ஒன்றாகப் பெட்டிகள் சிவந்தன. பெட்டியை இயக்கும்போது உள்ளுறுப்புகள் சூடேறி விரியும். நிறுத்தும்போது குளிர்ந்து சுருங்கும். நாள்தோறும் இவ்வாறு விரிந்து சுருங்கியதால் நுண்ணிய இணைப்புகள் விரிசல் கண்டன. 2007 ஜூலையில் அக்கம்பெனி குறையை ஒப்புக்கொண்டது. அப்பழுதுக்கு மட்டும் உத்தரவாதத்தை 3 ஆண்டுகளாக நீட்டியது. அதற்கு முன் பணம் கொடுத்துப் பழுது நீக்கியவருக்கு அப்பணத்தைத் திருப்பித் தரவும் முன்வந்தது. இதற்கென அது ஒதுக்கிய தொகை 100 கோடி டாலருக்கு மேல். குறையை மறைப்பதைவிட ஒப்புக்கொள்வது அதிகச் செலவு பிடிக்கும். ஆயினும் அதன் பின்னரும் பல ஆண்டுகள் மக்கள் அப்பெட்டியை வாங்கினர்.

இனி, வாங்கியவர் பக்கத்தைப் பார்ப்போம். நின்டெண்டோவின் பழைய பெட்டியில் ஆட்டம் ஓடாவிட்டால், செருகும் பேழையைக் கழற்றி வாயால் ஊதி மீண்டும் செருகுவது உலகெங்கும் பிள்ளைகளின் வழக்கம். ஊதினால் ஆட்டம் ஓடியது என்பதும் உண்மை. ஆனால் ஓடச் செய்தது ஊதிய காற்றன்று. கழற்றிச் செருகும்போது உலோக முனைகள் மீண்டும் நன்றாகப் படிந்தன, அதுவே காரணம். ஊதியதால் சேர்ந்த ஈரமோ நாளடைவில் அம்முனைகளைக் கெடுத்தது. எக்ஸ்பாக்ஸ் சிவந்தபோதும், அதனைத் துவாலையில் சுற்றிச் சூடேற்றினால் சரியாகும் என்று சிலர் சொன்னார்கள். சிலருக்குச் சற்று நேரம் ஓடியது. பிறகு முன்னைவிடக் கெட்டது. தீப்பற்றும் அபாயமும் இருந்தது. காரணம் அறியாமல் செய்யும் வைத்தியம் இவ்வாறே முடியும்.

இவ்வளவு சொல்லும் நானும் காரணம் அறியாமல் ஒரு வைத்தியம் செய்தேன். அதை இப்போது சொல்கிறேன்.

என் மகள் வீடு எங்கள் வீட்டிற்கு அடுத்த தெருவில் இருக்கிறது. பேரன் ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது மாப்பிள்ளை அவனுக்கு ஒரு விளையாட்டுப் பெட்டி வாங்கித் தந்தார். எட்டு மாதம் கழிந்தது. ஒரு நாள், அவன் கட்டைவிரலைக் குமிழிலிருந்து எடுத்த பிறகும் திரையில் இருந்த வீரன் தானே இடப்புறம் நடந்துகொண்டிருந்தான். பையன் என்னிடம் வந்து காட்டினான். நான் கருவியைப் பார்க்கவில்லை, பையனைப் பார்த்தேன். "தோற்றதும் கோபத்தில் முறுக்கியிருப்பாய். உன் கைதான் காரணம்" என்றேன். "இல்லை, தாத்தா" என்றான். "பொய் வேறா?" என்றேன். அவன் வாய் திறக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அக்கண்ட்ரோலரைக் கையில் எடுத்தபோது, திருகின்மேல் இருந்த முத்திரைத் தாள் கிழிந்திருக்கக் கண்டேன். வசவுக்கு அஞ்சி, யாரும் அறியாமல் தானே சரிசெய்துவிட அவன் முயன்றிருக்கிறான். திறந்தவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை, மூடி வைத்துவிட்டான்.

பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் கற்பிக்கும் என் பழைய மாணவர் ஒருவரிடம் அதைக் கொண்டுபோனேன். அவர் எனக்குப் பாடம் நடத்தினார். குமிழின் அடியில் கரிப்பூச்சுப் பூசிய சிறு தடம் ஒன்று உண்டு. குமிழை அசைக்கும்போது ஒரு தொடுமுனை அத்தடத்தின்மேல் உராய்ந்து நகர்கிறது. அது நிற்கும் இடத்திற்கேற்ப மின்தடை மாறுகிறது. அம்மாற்றத்தையே பெட்டி திசையாக எண்ணிக்கொள்கிறது. பல்லாயிரம் முறை உராய்ந்தால் தடம் தேயும், தூசும் சேரும். பிறகு குமிழ் நடுவில் நின்றாலும், "இடப்புறம் செல்" என்ற செய்தியே போகும். இது ஒரு கம்பெனியின் கருவிக்கு மட்டும் உரிய குறை அன்று. உராய்வே இல்லாமல் காந்தத்தைக் கொண்டு குமிழின் இடத்தை அறியும் முறையும் உண்டு. எட்வின் ஹால் என்னும் அறிஞர் 1879-இல் கண்ட விளைவு அதற்கு அடிப்படை. 1998-இல் வந்த சேகா கம்பெனியின் டிரீம்காஸ்ட் பெட்டியின் கண்ட்ரோலரிலேயே அம்முறை இருந்தது. அம்முறை எல்லாக் கருவிகளிலும் இடம்பெறவில்லை. "ஐயா, இது தேய்மானம், பையன் மேல் தவறில்லை" என்று அவர் முடித்தார்.

நான் தலைகுனிந்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளோடு வாழ்ந்தவன், ஒரு பிள்ளை உண்மையைச் சொன்னபோது நம்பவில்லை. நம்பியிருந்தால் அவன் கருவியைத் திறந்திருக்க மாட்டான். உத்தரவாதத்திற்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது.

இருவரும் கடைக்குச் சென்றோம். கடைக்காரர் நல்லவர், எங்கள்பால் இரக்கம் கொண்டவர். "திறந்ததைச் சொல்ல வேண்டாம், ஐயா. நான் ஒரு தாளை ஒட்டித் தருகிறேன். தானாகவே இப்படி ஆயிற்று என்று மட்டும் எழுதுங்கள்" என்றார். தானாகவே தேய்ந்தது என்பது உண்மைதானே என்று என் மனமும் ஒரு நொடி வாதாடியது. பேரன் மெல்லச் சொன்னான்: "திறந்ததையும் எழுதிவிடுங்கள், தாத்தா. அவர்கள் என்னைக் கேட்டால் நான் என்ன சொல்வது?"

எழுதினேன். கருவி திறக்கப்பட்டுள்ளமையால் இலவசமாகப் பழுது பார்க்க இயலாது என்று விடை வந்தது. கூலி கொடுத்தே சரிசெய்தோம். தன் உண்டியலிலிருந்து தருவதாகப் பேரன் சொன்னான். அது என் அவசரத்திற்கு உரிய தண்டம் என்று சொல்லி நானே கொடுத்தேன். திரும்பி வந்த கருவியோடு ஒரு சீட்டு இருந்தது. அதில், "உட்பாகம் பயன்பாட்டால் தேய்ந்துள்ளது" என்று எழுதியிருந்தது. அவனிடம் மன்னிப்புக் கேட்டு அச்சீட்டைக் கொடுத்தேன். அவன் அதனை இன்றும் பெட்டியின் அட்டையுறைக்குள் பத்திரமாக வைத்திருக்கிறான்.

ஆகவே, நண்பர்களே, உங்கள் பெட்டி பழுதுபட்டால் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். முதலில், திருப்புளியை எடுக்காதீர்கள். விஞ்ஞானக் கூடத்தில் செய்வது போல, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்: மின்கம்பி, செருகுமிடம், தொலைக்காட்சி, ஆட்டம், கண்ட்ரோலர். எதை மாற்றும்போது குறை நீங்குகிறதோ, குறை அங்கேதான் இருக்கிறது. காற்றுத் துளைகளில் தூசு அடைத்திருக்கிறதா, மூடிய அலமாரிக்குள் பெட்டி வெந்துகொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். எந்த நாளில், எந்த ஆட்டத்தில், எந்த நிற விளக்கு எரிந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் படமும் எடுங்கள். ரசீதும் பெட்டியின் வரிசை எண்ணும் கைவசம் இருக்கட்டும். பிறகு கம்பெனிக்கு எழுதுங்கள். நடந்ததை எழுதுங்கள், நடக்காததைச் சேர்க்கவும் வேண்டா, நடந்ததை மறைக்கவும் வேண்டா.

உண்மையோடு கேட்டும் நியாயம் கிடைக்காவிட்டால், அஞ்சி அடங்க வேண்டியதில்லை. நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைத்து வழி கேட்கலாம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வாழும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே உங்கள் பெற்றோர் முறையிடலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும் என்பதை மறக்கலாகாது. உண்மையை எழுதிய கடிதம் அங்கே உங்களுக்குத் துணையாக நிற்கும். பொய் கலந்த கடிதம் எதிரியின் கைக்கருவியாகிவிடும்.

பொறிகள் தேயும், அது இயற்கை. பழுதைக் கண்டவுடன் பழியைச் சுமத்த ஒருவரைத் தேடுவது எளிது. காரணத்தைத் தேடுவது கடினம். உங்களில் பலர் நாளை பொறிகளை ஆக்குவீர்கள்; சிலர் விற்பீர்கள்; அனைவரும் வாங்குவீர்கள். எந்த இடத்தில் நின்றாலும் காரணத்தை முதலில் தேடுங்கள். தேடியபின் குறை நம்முடையது என்று தெரிந்தால், நானும் காலந்தாழ்த்திக் கற்றுக்கொண்டபடி, அதை ஒப்புக்கொள்ளுங்கள்.