முதல் சம்பளச் சீட்டு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் காலை ஷிப்ட் ஆட்கள் உள்ளே போகும் நேரம் இது. அவர்களில் சிலர் சமீபத்தில்தான் திருவள்ளூர் மாவட்டத்துப் பள்ளிகளில் பிளஸ் டூ முடித்தவர்கள். கூட்டுவட்டிக் கணக்கில் முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளைகூட முதல் சம்பளச் சீட்டைப் பார்த்து, "பேசினது 15,000, வந்தது குறையுதே" என்று விழிக்கும்.

அந்த 15,000 முழுவதும் அடிப்படைச் சம்பளம் என்றே வையுங்கள். வருங்கால வைப்பு நிதிக்கு 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய். தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.க்கு முக்கால் சதவீதம், 113 ரூபாய். கைக்கு 13,087. பிடித்த 1,800 எங்கும் போய்விடவில்லை, அந்தப் பிள்ளையின் கணக்கில்தான் இருக்கிறது. நிர்வாகமும் தன் பங்குக்கு 12 சதவீதம் போடுகிறது. அதில் பெரும்பகுதி ஓய்வூதியத்துக்கு. இ.எஸ்.ஐ.க்கு மூன்றேகால் சதவீதம் தனி. கம்பெனி மாறினாலும், காண்டிராக்டர் மாறினாலும் வைப்பு நிதிக்கான 12 இலக்க யு.ஏ.என். எண் அதேதான். அதைக் குறித்துவைக்காதவர்கள்தான் பிறகு பணத்தைத் தேடி அலைகிறார்கள்.

இதைப் பத்தாம் வகுப்பிலேயே ஒரு பீரியடில் சொல்லிவிடலாம். கூடவே "மூணு வட்டி" கணக்கையும். நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் என்றால் கேட்க லேசுதான். வருடத்துக்கு 36 சதவீதம்! சேமிப்பையும் அப்போதே பழக்கலாம். 10 வயது நிறைந்த பிள்ளைகள், வங்கி வைக்கும் வரம்புக்குள், தாங்களே சேமிப்புக் கணக்கை நடத்த ரிசர்வ் வங்கி விதி இடம் தருகிறது. இதெல்லாம் பாடப்புத்தகத்தில் வரும்வரை வீட்டில் அப்பா அம்மாவின் சம்பளச் சீட்டே போதும். அதைக் காட்ட அவர்கள் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான்!